எழுபத்திரண்டு கிலோ தாங்கும் பாலம்

அந்த நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு வாரங்கள் மீது ஒரு மோகம். பெயரில்லாத வாரம் எதுவும் அவருக்குப் பிடிக்காது. அதற்கு ஒரு தலைப்பு வைத்து, பதாகை கட்டி, ரிப்பன் வெட்டினால்தான் அது அவர் கணக்கில் வாரம். போன பருவத்தில் தூய்மை வாரம் நடந்தது. அதற்காகச் சுவரெல்லாம் ஒட்டிய வண்ணக் காகிதங்களைச் சுரண்டி எடுக்கப் பணியாளர்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. இந்தப் பருவத்தில் ‘செய்து கற்கும் வாரம்’. திங்களன்று தொடக்கம், வெள்ளியன்று பெற்றோர் முன்னிலையில் நிறைவு விழா. இடையில் ஒவ்வொரு வகுப்பும் ஏதாவது செய்தாக வேண்டும். நேரமிருந்தால் கற்கவும் செய்யலாம்.

ஏழாம் வகுப்பின் அறிவியல் டீச்சர் காகிதப் பாலம் என்று சொல்லியிருந்தார். பழைய செய்தித்தாளை இறுக்கச் சுருட்டிக் குழல்களாக்கி, குழல்களை நூலால் சேர்த்துக் கட்டி, அடுக்கின் மேல் அடுக்காக இரண்டு செங்கல் மேடைகளுக்கு நடுவே போட்டால் பாலம். தரையிலிருந்து ஒரு சாண் உயரம். செலவில்லாத வேலை. செலவில்லாமல் வேலை செய்வதில் அந்த டீச்சர் கைதேர்ந்தவர். பள்ளியும் அவரை அப்படித்தான் வைத்திருந்தது. மூன்று வருடமாகத் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு பருவ முடிவிலும் “பார்க்கலாம்மா” என்ற ஒரே பதில். இந்த முறை பணி நிரந்தர ஆணை தட்டச்சாகி, தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. விழா நல்லபடியாக முடியட்டும், வெள்ளி சாயங்காலமே போட்டுவிடுகிறேன் என்று அவர் வாக்களித்திருந்தார்.

திங்களன்று பாடம் அளவீடு. டீச்சர் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். மேசையின் நீளத்தை முதலில் கண்ணால் மதிப்பிடச் சொன்னார், பிறகு அளக்கச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கும் அளவு இடைவெளி வந்தது. “அடுத்தவங்க சொல்றது தகவல். நீங்களே அளந்தாத்தான் அது அளவு” என்று சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தின் அழகில் தானே மயங்கி, அதை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டவும் செய்தார். பிற்பாடு தன் வாயால் தானே கெட்ட இடம் என்று அவர் அடையாளம் காட்டியது இதைத்தான்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் மேற்பார்வைக்கு வந்தார். அவர் நடந்து வருவதில்லை, எழுந்தருளுவார். பிள்ளைகள் மாதிரிப் பாலம் ஒன்றின் மேல் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் பார்த்தவர், புத்தகம் என்ன பெரிய எடை, வெள்ளிக்கிழமை இந்தப் பாலத்தின் மேல் நானே ஏறி நிற்கிறேன் என்று அறிவித்தார். தன் மாணவர்கள் மீது தனக்கிருக்கும் நம்பிக்கையை ஊரறியக் காட்ட வேறு வழி இல்லையாம். வகுப்பு கைதட்டியது. டீச்சரும் தட்டினார், ஆனால் அவர் கைகளில் சத்தம் வரவில்லை.

கைதட்டல் ஓயும் முன் முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வகுப்பு முழுக்க அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடும். அம்மா பிள்ளையை அடித்தால்கூடச் சாட்சி கேட்கிற ரகம்.

“சார், உங்க எடை எவ்வளவு சார்?”

தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். அங்கே விசிறி மட்டும் இருந்தது. “எழுபத்திரண்டு” என்றார், தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லும் தோரணையில். சொல்லிவிட்டு வயிற்றை ஒரு அங்குலம் உள்ளே இழுத்துக்கொண்டு வெளியேறினார். அது வாசலைத் தாண்டும்வரை தாக்குப்பிடித்தது.

கரும்பலகையில் எழுபத்திரண்டு என்று எழுதும்போது டீச்சருக்குக் கை கூசியது. அந்த மனிதர் நாற்காலியில் உட்காரும் சத்தம் மூன்று வகுப்புகளுக்குக் கேட்கும். ஆனால் சொன்னவர் தலைமையாசிரியர், சொன்ன இடம் வகுப்பறை, இழுப்பறையில் இருப்பது தன் ஆணை. வக்கீல் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. விரலை நீட்டிச் சுவரில் மாட்டியிருந்த அட்டையைக் காட்டினாள்.

“டீச்சர், இது சார் சொன்னது. தகவல். நாம இன்னும் அளக்கல.”

பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு பதில் டீச்சரின் தொண்டை வரை வந்தது. முப்பது ஜோடிக் கண்கள் அட்டையையும் அவரையும் மாறிமாறிப் பார்ப்பதைக் கண்டு அது திரும்பிப் போய்விட்டது. இதை இன்று விழுங்கினால், நாளையிலிருந்து இந்த வகுப்பில் தான் எதைச் சொன்னாலும் அது வெறும் தகவல்தான் என்று அவருக்குப் புரிந்தது. விழுங்காவிட்டால் நாளை மறுநாள் வேறு வேலை தேட வேண்டும்.

ஆசிரியர் ஓய்வறையில் கணக்கு வாத்தியாரிடம் யோசனை கேட்டார். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடமே இருந்ததால் உலகத்தில் எதற்கும் அஞ்சாத மனிதர் அவர். “அவரோட மொத்த எடை உங்களுக்கு எதுக்கும்மா? கையெழுத்துப் போடற கை ஒண்ணுதான் நமக்கு முக்கியம், அதை நோகாம பாத்துக்குங்க” என்றார். பிறகு தேநீரை உறிஞ்சிக்கொண்டே, செவ்வாய்க்கிழமை என்ன பாடம் என்று விசாரித்தார். நெம்புகோல் என்றார் டீச்சர். வாத்தியார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் சிரித்தார்.

செவ்வாயன்று விளையாட்டு மைதானத்தில் ஒரு கனமான பலகை, நட்ட நடுவில் முட்டுக்கட்டை. நெம்புகோல் செயல்பாட்டைத் தொடங்கிவைக்க வரவேண்டும் என்று வக்கீலும் இன்னும் இருவரும் போய் அழைத்தார்கள். தொடங்கிவைப்பது என்ற சொல் காதில் விழுந்தால் தலைமையாசிரியர் தூக்கத்திலிருந்தும் எழுந்து வருவார். பலகையின் ஒரு முனையில் தாங்கள் நிற்க வேண்டும், மறுமுனையில் மாணவர்கள் ஏறுவார்கள், தாங்கள் உயர்வீர்கள், படம் எடுப்போம் என்றார்கள். அவருக்கு உடனே அதில் ஒரு தத்துவம் புலப்பட்டது. ஆசிரியரை உயர்த்தும் மாணவர்கள். படத்துக்குத் தலைப்புகூட ஆகிவிட்டது. கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு முனையில் ஏறி நின்றார்.

பிள்ளைகளின் எடை போன வாரம்தான் மருத்துவப் பரிசோதனையில் எடுக்கப்பட்டிருந்தது. வகுப்பிலேயே கனமான இருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இருவரும் சேர்ந்தால் எழுபத்து மூன்று. கணக்குப்படி அவர்கள் ஏறிய மாத்திரத்தில் தலைமையாசிரியர் மேலே போக வேண்டும். ஏறினார்கள். பலகை அசையவில்லை. குதித்துப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் ஒரு மலைபோல் நின்று, கேமராவைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன, பயப்படறீங்களா? தைரியமா ஏறுங்க” என்று ஊக்கமும் கொடுத்தார்.

மூன்றாவதாக ஒல்லிப் பையன் ஒருவன் பலகையின் நடுவிலிருந்து அடிமேல் அடிவைத்து முனையை நோக்கி நடந்தான். பாதிக்கு மேல் வந்ததும் பலகை முனகியது. இன்னும் சில அடி. தலைமையாசிரியரின் காலணிகள் தரையை விட்டு மெல்ல எழும்பின. அவர் இரு கைகளையும் விரித்து, கல்வி என்பது ஓர் உயர்வு என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை. ஒல்லிப் பையன் நின்ற இடத்தை வக்கீல் சுண்ணக்கட்டியால் குறித்து, நாடாவால் அளந்துகொண்டிருந்தாள். வகுப்புக்குப் போய்க் கூட்டிப் பெருக்கி வகுத்தார்கள். விடை தொண்ணூற்று ஆறு.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் டீச்சருக்கு அதிக பயத்தைத் தந்தது. பிள்ளைகள் பழைய எண்ணைத் துடைத்துவிட்டுப் புதிய எண்ணை எழுதி, வேலையில் இறங்கிவிட்டார்கள். ஒரு அடுக்கு ஏறக்குறைய முப்பது கிலோ தாங்குகிறது. ஆக நான்கு அடுக்கு. புதன்கிழமை மத்தியானத்துக்குள் நான்கு அடுக்கும் கட்டி முடித்துவிட்டார்கள். விரலெல்லாம் அச்சு மை. டீச்சர் செய்த ஒரே காரியம், தலைமையாசிரியரின் காலடிச் சத்தம் கேட்டதும் பாய்ந்து போய்க் கரும்பலகையில் இருந்த எண்ணை அழித்ததுதான்.

வந்தவர் பாலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முகம் சுருங்கியது. இது என்ன, பாலமா மெத்தையா என்றார். பெற்றோர் வரும் இடத்தில் மெல்லிய, நளினமான, பார்த்ததும் ஆச்சரியப்பட வைக்கிற ஒன்று வேண்டுமாம். ஒரு அடுக்கு எவ்வளவு தாங்கும் என்று கேட்டார். முப்பது என்றான் ஒல்லிப் பையன், நேர்மையாக. தலைமையாசிரியர் சுண்ணக்கட்டியை எடுத்துத் தானே கணக்குப் போட்டார். மூன்று அடுக்கு தொண்ணூறு. தன் எடை எழுபத்திரண்டு. மிச்சமே பதினெட்டு இருக்கிறது. பிறகு நான்காவது அடுக்கு எதற்கு? எடுத்துவிடுங்கள். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. முப்பது பிள்ளைகளும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். உண்மையைச் சொன்னால் அவர் முகத்தில் அடித்த மாதிரி. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அவரே ஊர் பார்க்க விழுவார். எப்படிப் பார்த்தாலும் ஆணை போச்சு. கணவர் மகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அனுதாபம் முழுக்கத் தலைமையாசிரியர் பக்கம் சாய்ந்தது.

“பாவம் விடு. உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ உங்கப்பா என் உயரம் கேட்டாரே, ஞாபகம் இருக்கா? நான் ஷூவையும் சேர்த்துத்தான் சொன்னேன்.”

டீச்சர் கத்தியை நிறுத்தினார். “சேர்த்துச் சொன்னீங்களா?”

“கொஞ்சம் முடியையும் சேர்த்தேன்” என்றார் கணவர். அப்போது அவருக்கு முடி இருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் டீச்சர் தலைமையாசிரியர் அறைக் கதவைத் தட்டி, பதில் வருவதற்குள் திறந்துவிட்டார். தலைமையாசிரியர் அவசரமாக இழுப்பறையை மூடினார், முழுதாக மூடவில்லை. உள்ளே ஆணையின் மேல் பாதி கடித்த வெள்ளரிக்காய் கிடந்தது. மேசையில் வெந்நீர்ப் புட்டி. பக்கத்தில் பிரிக்காத சாப்பாட்டு டப்பா. மனிதரின் கன்னம் லேசாக ஒட்டி, கண் பஞ்சடைந்திருந்தது. திங்கட்கிழமையிலிருந்து இவர் சாப்பிடவில்லை என்று டீச்சருக்குப் பொறிதட்டியது. பாலத்தைக் குறைக்கச் சொன்னவர், தன்னையும் குறைத்துக்கொண்டிருக்கிறார். நாலு நாளில் இருபத்து நாலு கிலோ. முயற்சியில் குறை சொல்ல முடியாது.

திட்டமிட்டு வந்த கோபமெல்லாம் அந்த வெள்ளரிக்காயைப் பார்த்ததும் கரைந்துவிட்டது. டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“சார், பாலத்துல ஒரு சின்னக் கணக்கு விட்டுப்போச்சு. உங்க எடையை மட்டும்தான் சேர்த்தோம். நீங்க போட்டிருக்கறதை, வச்சிருக்கறதைச் சேர்க்கல.”

தலைமையாசிரியர் நிமிர்ந்தார். “எதை?”

“ஷூ, கோட்டு, பெல்ட்டு. அப்புறம் ஃபோன், சாவிக்கொத்து.”

“அதெல்லாம் எவ்வளவும்மா இருக்கும்?”

“ஒரு இருபத்து நாலு கிலோ இருக்கும் சார்.”

தலைமையாசிரியர் டீச்சரின் முகத்தில் சிரிப்பு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். இல்லை. பிறகு கோட்டுப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்.

“இருக்கும்” என்றார் மெதுவாக. “இந்தப் பள்ளிக்கூடத்துச் சாவி எல்லாமே கொஞ்சம் கனம்தான்.”

“அப்போ அந்த நாலாவது அடுக்கு, சார்…”

“போடுங்க. பாதுகாப்பு முக்கியம். நான் எப்பவும் சொல்றதுதானே?” அவர் கை தானாகவே சாப்பாட்டு டப்பாவின் பக்கம் நகர்ந்தது. டீச்சர் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார்.

வகுப்பில் டீச்சர் இந்தச் சாவிக் கணக்கைச் சொன்னபோது வக்கீல் லேசில் விடவில்லை. சாவிக்கொத்தையும் அளக்க வேண்டாமா என்றாள். சாரின் எடை தனியாக, சாவியின் எடை தனியாக நமக்குத் தெரியாது, எல்லாம் சேர்ந்த மொத்தத்தைத்தான் நாம் பலகையில் வைத்து அளந்தோம், பாலத்துக்கு மொத்தம் போதும் என்றார் டீச்சர். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடியும் பிடிபடவில்லை போலும். “அப்போ பாலத்தோட அட்டையில ‘எல்லாம் சேர்த்து தொண்ணூத்தாறு’ன்னு எழுதறேன்” என்றாள். சோதனையும் நடந்தது. தொண்ணூற்றாறு கிலோவுக்குச் சமமாக மூன்று பேர் ஏறி ஒட்டிக்கொண்டு நிற்க, வகுப்பு நூறு வரை எண்ணியது. பாலம் அசையவில்லை. டீச்சர் அன்று நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. மேடைக்கு முன்னால், தரையில், எல்லோருக்கும் தெரியும்படி பாலம். தலைமையாசிரியர் காலணியோடும் கோட்டோடும் சாவிக்கொத்தோடும் வந்தார். வலது காலை வைத்தார். ஒரு முனகல். இடது காலை வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. அரங்கமே எழுந்து கைதட்டியது. டீச்சரின் கண்கள் ஈரமாகின. பக்கத்தில் நின்ற கணக்கு வாத்தியார், “பொழைச்சீங்க” என்று காதில் சொன்னார்.

அதோடு இறங்கியிருக்கலாம். ஒப்பந்தமும் அதுதான்: ஏறுவது, நிற்பது, இறங்குவது. ஆனால் கைதட்டல் என்பது அவருக்கு வெறும் வயிற்றில் கிடைத்த விருந்து. ஒலிவாங்கியைக் கொண்டுவரச் சொல்லிக் கை நீட்டினார்.

“இரண்டே வார்த்தை” என்றார்.

பெற்றோர் நாற்காலிகளில் இன்னும் வசதியாகச் சரிந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் அனுபவம் உண்டு. முதல் வார்த்தை ஆதிமனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்ததில் தொடங்கியது. வக்கீல் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் நூறைத் தொட்டபோது பேச்சு இன்னும் கற்காலத்தைத் தாண்டவில்லை. அவள் திரும்பி டீச்சரைப் பார்த்தாள். டீச்சருக்குப் புரிந்துவிட்டது. நூறு வரைதான் சோதித்தோம். எடையை அளந்தோம், எடையோடு பேச்சும் வரும் என்பதை மறந்துவிட்டோம். இந்தப் பள்ளியில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு ஒருவர் செய்யக்கூடிய தவறா இது?

பாலம் உடையவில்லை. உடைந்திருந்தால் ஒரு நிமிட அவமானத்தோடு போயிருக்கும். அது மெல்ல, மரியாதையாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வளைந்தது. அச்சு யந்திரத்தின் வருகை பற்றிச் சொல்லும்போது நடுப்பகுதி இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. கல்வியின் இன்றைய சவால்களுக்கு வந்தபோது அவருடைய தலைக்குப் பின்னால் மறைந்திருந்த பதாகையில் ‘வாரம்’ என்ற சொல் தெரியத் தொடங்கியது. டீச்சர் கையால் சைகை காட்டினார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவர் இன்னொரு பத்தியைச் சேர்த்தார். பெற்றோர் ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை. முன்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பாலத்துக்கும் தரைக்கும் நடுவில் இருந்த வெளிச்சக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு கவனமான கூட்டத்தை அவர் வாழ்நாளில் சந்தித்ததில்லை. குரல் தழுதழுத்தது.

“இறுதியாக…” என்றார்.

கீற்று மறைந்தது. பாலத்தின் வயிறு பூப்போலத் தரையில் அமர்ந்தது. பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. மறுபடியும் இறுதியாக, பிறகு முடிவாகவும் இறுதியாகவும், பிறகு ஒன்றே ஒன்றைச் சொல்லி இறுதியாக. கடைசியில் மார்பில் கைவைத்துச் சொன்னார்: “இந்த உயரத்தில் நின்று பார்க்கும்போது, நம் பிள்ளைகளின் எதிர்காலம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.”

சொல்லிவிட்டு, கீழே இறங்கக் காலை நீட்டினார். இறங்குவதற்கு உயரம் இல்லை. இல்லாத படியில் கால் வைத்தவரைப் போல உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். குனிந்ததை வணக்கமாக மாற்றிக்கொண்டு, அதே வேகத்தில் நேராகத் தன் அறைக்கு நடந்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

ஐந்து நிமிடத்தில் டீச்சருக்கு அழைப்பு வந்தது. பிள்ளைகள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். வக்கீல் மட்டும், “டீச்சர், பாலம் உடையலைன்னு சொல்லுங்க. அதுதான் உண்மை” என்று கூடவே கொஞ்ச தூரம் வந்தாள்.

தலைமையாசிரியர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தார். மேசையில் விருந்தினருக்கான பிஸ்கட் தட்டு முழுதாக அவர் முன்னால். வாய் நிறைந்திருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் ஆணை, மூடி திறந்த பேனா. உட்காரச் சொல்லவில்லை.

“எப்போம்மா தரையைத் தொட்டுச்சு?”

கடைசி வினாடியில்தான் சார், நீங்கள் இறங்கும் நேரத்தில் என்று ஒரு பதில் தயாராக இருந்தது. அழகான பதில். இரண்டு பேருக்கும் நல்லது. நேற்று அவருக்கு இருபத்து நாலு கிலோ விட்டுக்கொடுத்தாயிற்று. இன்று இன்னும் கொஞ்சம் கொடுத்தால் என்ன? ஆனால் அது எடை போல எதனோடும் சேர்த்துச் சொல்லக்கூடியதாக இல்லை. அரங்கமே பார்த்திருந்தது. முப்பது பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க முதல் தடவை ‘இறுதியாக’ன்னு சொன்னப்போ சார்.”

பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

“எத்தனை தடவை சொன்னேன்?”

“நாலு.”

அவர் மெதுவாக மென்றார். கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

“அப்படின்னா பாலத்துல குறை ஒண்ணுமில்ல” என்றார், ஆணையை இழுத்துக் கையெழுத்திட்டபடி. அதை நீட்டும்போது அவர் கண் டீச்சரைப் பார்க்கவில்லை. “வெளியில பிஸ்கட் மிச்சம் இருந்தா இன்னொரு தட்டு அனுப்பச் சொல்லுங்கம்மா.”